கிளவுட் அட்லஸ்: சோன்மியின் கதையை ஏன் மாற்றினார்கள்?

கொடிமுல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்களும் படிக்காதவர்களும் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2012இல் ‘கிளவுட் அட்லஸ்’ படத்தைத் திரையரங்கில் பார்த்தேன். பாதி புரியவில்லை, ஆனாலும் வெளியே வரும்போது தொண்டை அடைத்திருந்தது. அப்புறம் ஒருமுறை கணினியில். நேற்று மூன்றாவது முறை, இந்தத் தடவை அதன் மூலமான டேவிட் மிட்செலின் நாவலைப் படித்து முடித்த கையோடு. 172 நிமிடமும் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

நாவலின் அமைப்பு தெரியாதவர்களுக்காக: ஆறு கதைகள். முதல் ஐந்தும் பாதியில் நின்றுவிடும், ஆறாவது மட்டும் நடுவில் முழுதாக வரும், பிறகு வந்த வழியே ஐந்து, நான்கு, மூன்று என்று திரும்பிப் போய் ஒவ்வொன்றும் முடியும். முதல் கதையான, 1849இல் கப்பலில் போகும் ஆடம் யூயிங்கின் நாட்குறிப்பு ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோகிறது. நான் அச்சுப்பிழை என்று நினைத்து, பக்க எண்களைத் தடவிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்ட தாள் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் பிரித்துக்கூடப் பார்த்தேன். அடுத்த கதையில் ஃப்ரோபிஷர் என்ற இசைக்காரன் ஒரு மாளிகையில் அதே நாட்குறிப்பைக் கிழிந்த அரைப் புத்தகமாகக் கண்டெடுத்து, மீதி எங்கே என்று புலம்புகிறான். அந்த மீதி பல பக்கம் கழித்து ஆடுகிற கட்டிலின் காலுக்கு முட்டுக்கொடுத்த நிலையில் கிடைக்கிறது! ஃப்ரோபிஷர் எழுதிய கடிதங்களைப் பத்திரிகைக்காரி லூயிசா ரே படிக்கிறாள், லூயிசாவின் கதை கேவண்டிஷ் என்ற கிழட்டுப் பதிப்பாளருக்கு வரும் கையெழுத்துப் பிரதி, கேவண்டிஷின் கதையை எதிர்காலச் சியோலில் வேலைக்காக உருவாக்கப்பட்ட நகல் மனுஷியான சோன்மி திரைப்படமாகப் பார்க்கிறாள், அவளை அதற்கும் வெகுகாலம் பிந்திய சாக்ரியின் ஊர் தெய்வமாகக் கும்பிடுகிறது. நாட்குறிப்பு, கடிதம், துப்பறியும் கதை, நினைவுக்குறிப்பு, விசாரணை, தீ மூட்டி உட்கார்ந்து சொல்லும் கதை என்று ஆறுக்கும் ஆறு நடை.

படத்தில் இதெல்லாம் கலைந்துபோய், ஆறு கதையும் ஒரே குரலில் பேசுகின்றன. அதைக்கூட மன்னித்துவிடலாம், சினிமா வேறு ஊடகம். ஆனால் சோன்மி?

நாவலில் சோன்மி கடைசியில் சொல்வது இதுதான்: தன்னை மீட்டது, புரட்சிக்காரர்களோடு சேர்த்தது, தப்பியோட வைத்தது எல்லாமே அரசாங்கம் நடத்திய நாடகம், அது தனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நடித்தாய் என்று கேட்டால், இந்த வழக்கை நாடே பார்க்கும், நான் எழுதிய பிரகடனங்கள் எல்லோர் காதிலும் விழும் என்கிறாள். எத்தனை பேரைக் கொன்றாலும் தனக்கு அடுத்து வரப்போகிறவனை நீரோவால் கொல்ல முடியாது என்று செனெகா எச்சரித்ததை நினைவுபடுத்துகிறாள். படித்துவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். படத்தில் அந்த இடம் சுத்தமாக இல்லை. அங்கே புரட்சி நிஜம், காதல் நிஜம், காதலன் சுடப்பட்டுச் சாகிறான், அவள் ஒலிபரப்பில் பேசிவிட்டுப் பிடிபடுகிறாள். ஏன் மாற்றினார்கள்? பார்க்கிறவனுக்கு மண்டை இல்லை என்றா?

இடைவேளைக்காரன்

மாற்றினார்கள், ஏனென்றால் அவர்கள் நாவலை அப்படியே படியெடுக்க வரவில்லை. நான் படத்தின் பக்கம்.

ஒரே ஒரு இடம் சொல்கிறேன், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கப்பலில் ஒளிந்து வந்த அடிமை ஆட்டுவா, தான் வேலை தெரிந்த மாலுமி என்று நிரூபிக்கப் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் ஏறி நடக்கிறான், கீழே ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். அதே நேரம் 2144இன் நியோ சியோலில் சோன்மியும் அவளை மீட்க வந்தவனும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடிசலான பாலத்தில் நடக்கிறார்கள், சுற்றிலும் துப்பாக்கிச் சூடு. கால், கட்டை, கால், பாலம் என்று மாறிமாறி வருகிறது. கிட்டத்தட்ட முன்னூறு வருட இடைவெளியில் இரண்டு பேர் ஒரே அடியை எடுத்து வைக்கிறார்கள். நாவலில் இந்த இரண்டு சம்பவத்துக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான பக்கம் கிடக்கிறது, நீங்களாக முடிச்சுப் போட்டால்தான் உண்டு. இந்த ஒரு வெட்டுக்காகவே படத்துக்கு நான் கோவில் கட்டுவேன்.

அந்த ஆறு நடையைப் பற்றி... ஆமாம், இழப்புதான். ஆனால் சாக்ரியின் உடைந்த ஆங்கிலத்தில் எழுதிய அத்தியாயத்தை எத்தனை பேர் முழுக்கப் படித்தீர்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பின்வரிசை

நான் படிக்கவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன். மச்சத்துக்காகப் படம் பார்த்தேன். ஆறு கதையிலும் ஒவ்வொருவருக்கு அதே வால்நட்சத்திர மச்சம்! திருவிழாவில் பிரிந்த அண்ணன் தம்பி மச்சத்தை வைத்துச் சேருவதை நாற்பது வருடமாகப் பார்த்தவன் நான், அதையே பத்து கோடி டாலரில் ஆங்கிலத்தில் எடுத்தால் உலக சினிமாவா?

கொடிமுல்லை

@பின்வரிசை சிரிப்பு வந்தாலும் நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். நாவலில் அந்த மச்சத்தை ஆசிரியரே கிண்டல் செய்கிறார். லூயிசாவின் கையெழுத்துப் பிரதியைப் படிக்கும் கேவண்டிஷ், இந்த மறுபிறவிச் சமாசாரத்தையெல்லாம் வெட்டி எறிய வேண்டும் என்று குறிப்பெழுதுகிறார், எனக்கும்தான் ஒரு மச்சம் இருக்கிறது, யாரும் அதை வால்நட்சத்திரம் என்று சொன்னதில்லை என்கிறார். லூயிசா நிஜமா, யாரோ எழுதிய பாத்திரமா என்பதே அங்கே சந்தேகம். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம் என்று கதவு பாதி திறந்தே இருக்கிறது.

படத்தில் கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஒரே நடிகர் ஆறு காலத்திலும் வருகிறார், அதாவது ஒரே ஆன்மா. சரி. ஆனால் மச்சமோ ஒவ்வொரு கதையிலும் வேறு வேறு நடிகருக்கு: ஜிம் ஸ்டர்ஜஸ், பென் விஷா, ஹாலி பெர்ரி, ஜிம் பிராட்பென்ட், டூனா பே, டாம் ஹாங்க்ஸ். அப்படியென்றால் ஆன்மா மச்சத்தோடு போகிறதா, முகத்தோடு போகிறதா? இரண்டு கணக்கு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாவலில் கடைசி மச்சம் சாக்ரிக்குக் கிடையாது, அவன் வீட்டுக்கு வந்து தங்கும் மெரோனிமுக்கு. அதையும் தூக்கி ஹாங்க்ஸிடம் கொடுத்துவிட்டார்கள், நாயகன் என்பதாலோ என்னவோ.

தாத்தாவின் வானொலி

பிள்ளைகளா, கொஞ்சம் பொறுங்கள். நான் வயதானவன், ஒரு திரைப்படச் சங்கத்தில் இருபது வருடம் நாற்காலி எடுத்துப் போட்டவன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

மண்டை இல்லாதவர்களுக்காக எடுத்தார்கள் என்பது அநியாயம் அம்மா. இந்த நாவல் படத்தின் இயக்குநர்களான வச்சோவ்ஸ்கி சகோதரிகளின் கைக்கு வந்ததே ஒரு படப்பிடிப்புத் தளத்தில், நடிகை நடாலி போர்ட்மன் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து. பிறகு ஜெர்மன் இயக்குநர் டாம் டிக்வரையும் சேர்த்துக்கொண்டு கோஸ்டா ரிகாவில் ஒரு வீடு எடுத்துத் தங்கி, நாவலை நூற்றுக்கணக்கான காட்சிகளாகப் பிரித்து, நிறம் நிறமான அட்டைகளில் எழுதித் தரையெல்லாம் பரப்பி, நாள் கணக்கில் நகர்த்தி நகர்த்தி வரிசை பார்த்திருக்கிறார்கள். மிட்செலுக்குப் பிடிக்கவில்லை என்றால் இதை விட்டுவிடுவது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அவர் திரைக்கதையைப் படித்துச் சரி என்றார், படத்தில் ஒரு காட்சியில் தலைகாட்டவும் செய்கிறார்.

பணத்துக்குப் பட்ட பாடு தனி. பெரிய ஸ்டூடியோ எதுவும் முழுப் பணத்தைப் போடத் துணியவில்லை. ஜெர்மனியிலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான் அந்த ஏறக்குறைய 10 கோடி டாலர். இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் எடுத்தார்கள்: 1849, 2144, கடைசிக் காலம் மூன்றும் வச்சோவ்ஸ்கிகள், நடுவிலுள்ள மூன்றும் டிக்வர். 1973இன் சான் பிரான்சிஸ்கோ என்று நீங்கள் பார்ப்பது கிளாஸ்கோவின் தெருக்கள். நடிகர்கள் ஒரு நாள் ஒரு குழுவுக்கும் இன்னொரு நாள் அடுத்த குழுவுக்கும் முகத்தை மாற்றிக்கொண்டு ஓடினார்கள்.

வந்த பிறகு என்ன நடந்தது? டொரொன்டோ விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். அதே வருடம் டைம் இதழ் ஆண்டின் மிக மோசமான படம் என்று எழுதியது. உலகம் முழுக்க வசூல் சுமார் 13 கோடி டாலர், திரையரங்குகள் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரே படம் ஒருவருக்கு உச்சியிலும் இன்னொருவருக்கு அடிமட்டத்திலும் இருப்பது எனக்குத் தெரிந்து அடிக்கடி நடப்பதில்லை.

வெலிங்டன் காற்று

நான் நியூசிலாந்தில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். சோன்மியைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள், முதல் கதையை ஒருவரும் தொடவில்லை. எனக்கு மனம் ஆறாதது அதுதான்.

யூயிங்கின் கதை தொடங்குவது நியூசிலாந்துக்குக் கிழக்கே உள்ள சாதம் தீவுகளில். அங்குள்ள பூர்வகுடிகளான மொரியோரிகள் அதை ரேக்கோஹு என்பார்கள். நுனுகு என்ற மூதாதை போட்டுவைத்த சட்டப்படி அவர்கள் ஆளை ஆள் கொல்வதில்லை, சண்டை வந்தால் முதல் இரத்தம் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். 1835இல் வடக்கேயிருந்து இரண்டு மாவோரி இனக்குழுக்கள் கப்பலில் வந்து இறங்கின. மொரியோரி மூத்தவர்கள் கூடிப் பேசினார்கள், எதிர்த்து அடிக்கலாம் என்று இளையவர்கள் சொன்னார்கள், நுனுகுவின் சட்டத்தை மீறக்கூடாது என்று முடிவானது. பிறகு கொலை, மிஞ்சியவர்கள் அடிமைகள். 1862 அளவில் 101 பேர்தான் மிச்சம். மொரியோரிகள் அழிந்துபோன இனம் என்றுதான் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நெடுநாள் சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் பொய். அவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் அவர்களோடு இணக்கம் கண்டு சட்டம் போட்டது 2021இல்.

நாவலில் இதற்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அடிக்காமல் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியோடுதான் அந்தப் புத்தகமே தொடங்குகிறது, மற்ற ஐந்து கதையும் அதற்குப் பதில் தேடுவதாகத்தான் எனக்குப் பட்டது. ஆட்டுவா ஒரு மொரியோரி, படத்திலே அவனை முதுகில் சவுக்கடி வாங்கும் அடிமையாக மட்டும் காட்டுகிறார்கள். நடித்தவர் டேவிட் கியாசி, ஆப்பிரிக்க வம்சாவளி ஆங்கிலேயர், நன்றாகத்தான் நடித்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது அமெரிக்க அடிமைக் கதையாகத்தான் போய்ச் சேரும். ஒரு சனத்தின் பெயரே படத்திலிருந்து கழன்று போச்சு.

இடைவேளைக்காரன்

@வெலிங்டன் காற்று இது எனக்குத் தெரியாது. மூன்று முறை பார்த்தும் அவரை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்பதாம்பக்கம்

அப்படியே கொரிய ஒப்பனையையும் பேசிவிடலாமே. ஜிம் ஸ்டர்ஜஸுக்கும் ஹியூகோ வீவிங்குக்கும் கண்ணில் ரப்பரை ஒட்டிக் கொரியர்களாக்கியிருக்கிறார்கள். ஆசிய அமெரிக்கர்களின் ஊடக அமைப்பு ஒன்று அப்போதே கண்டித்தது. சியோலில் நடக்கும் கதைக்குக் கொரிய நாயகன் கிடைக்கவில்லையா? ஆன்மா இனம் மாறிப் பிறக்கும் என்பது கருத்தாக இருக்கட்டும், ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தூக்கத்திலிருந்து எழுந்த ரோபோ மாதிரிதான் இருக்கிறது. கதையே நின்றுபோகிறது.

பின்வரிசை

தசாவதாரத்தில் கமல் ஜப்பானியராக வந்தபோது கைதட்டினோம், விசில் அடித்தோம். நான் அடித்தேன். இப்போது இங்கே நியாயம் பேசுகிறோம்.

ஒன்பதாம்பக்கம்

அப்போது அடித்தது சரி என்று யார் சொன்னது? 2008இல் எனக்கு வயது பதினான்கு.

தாத்தாவின் வானொலி

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். டூனா பே வெள்ளைக்காரப் பெண்ணாகவும் மெக்சிகப் பெண்ணாகவும் வருகிறார். ஹாலி பெர்ரி 1936இல் யூதப் பெண், நியோ சியோலில் கிழட்டு ஆண் மருத்துவர். வீவிங் முரட்டு நர்ஸம்மா. ஹியூ கிரான்ட் முகம் முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு மனிதரைத் தின்னும் கூட்டத் தலைவனாக வந்ததைக் கடைசிப் பெயர் ஓட்டத்தில் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். எல்லோரும் எல்லோராகவும் ஆவது என்பது விளையாட்டின் விதி. விதி சரிதான், ஒப்பனைதான் எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை.

சுருள்நாடா

வேலை முடித்து இப்போதுதான் வருகிறேன், எடிட்டிங் அறையில் பதினான்கு மணி நேரம், தப்பாக ஏதாவது எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

@கொடிமுல்லை நீங்கள் கேட்ட கேள்விக்குத் தொழில்காரன் பதில் ஒன்று உண்டு. நாவலில் சோன்மியின் கதை தனியாக முடிகிறது, எல்லாம் நாடகம் என்று அவள் சொன்னதும் நீங்கள் புத்தகத்தை மடியில் வைத்து யோசிக்கிறீர்கள், தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள். அடுத்த பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும். படத்தில் அந்த நிமிடம் ஆறு கதையும் ஒன்றாக உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன: விஷத்தில் மயங்கிக் கிடக்கும் யூயிங்கை ஆட்டுவா காப்பாற்றுகிறான், ஃப்ரோபிஷர் இசையை முடித்துத் துப்பாக்கியை எடுக்கிறான், மெரோனிம் மலையுச்சியில் சமிக்ஞை அனுப்புகிறாள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இசை. அந்த இடத்தில் ஒருத்தி நின்று ‘நீங்கள் பார்த்தது பொய்’ என்றால் மற்ற ஐந்தும் சேர்ந்து சரியும். பார்க்கிறவன் யூயிங் பிழைத்ததையும் சந்தேகப்படுவான். தனித்தனியாக அடுக்கிய பாத்திரத்தில் ஒன்று உடைந்தால் பரவாயில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் அடியிலிருப்பதை உருவ முடியாது.

அதற்காக நான் படத்தின் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே சரியா என்பதுதான் என் சந்தேகம். முதல் அரை மணி நேரத்தில் எவ்வளவு வேகமாகக் காலம் தாவுகிறது என்று கவனியுங்கள், ஒரு முகத்தைப் பார்த்து மனதில் நிறுத்துவதற்குள் அடுத்த நூற்றாண்டு. நான் உதவியாளராக இருந்த ஒரு படத்தில், பெயர் வேண்டாம், மூன்று காலத்தைப் பின்ன முயன்றோம். முதல் காட்சிக்கு அழைத்திருந்தவர்களில் ஒருவர் வெளியே வந்து, தம்பி, எந்தக் குழந்தை யாருடையது என்று கேட்டார். இயக்குநர் முகம் போன போக்கு இருக்கிறதே. அன்றைக்கே மறுபடி வரிசையாக வெட்டினோம்.

ஆனால் கேவண்டிஷ் கதையில் பாருங்கள், முதியோர் இல்லத்திலிருந்து தப்பும் நான்கு பேரும் மதுக்கடையில் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவரை ஒன்றிரண்டு சொல்லுக்குமேல் பேசாத கிழவர் எழுந்து ஸ்காட்லாந்துக்காரர்களை உசுப்பிவிடுகிறார். அங்கே வெட்டுகள் குறைவு, காட்சி மூச்சு விடுகிறது, அரங்கமே சிரிக்கிறது. டிக்வரின் கை அது.

பின்வரிசை

அதே கேவண்டிஷ் கதையில் புத்தக விமர்சகரை எழுத்தாளர் மாடியிலிருந்து தூக்கி எறிகிறாரே, அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் டைம் இதழ்க்காரர்கள் தைரியமாக எழுதியதற்குப் பாராட்ட வேண்டும்.

கொடிமுல்லை

@சுருள்நாடா இது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். அடுக்கிய பாத்திரம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் இழந்தார்கள், அதற்கு எடிட்டிங் காரணம் இல்லை. சோன்மியின் உலகத்தில் கம்பெனிப் பெயர்கள்தான் பொருட்பெயர்கள். காருக்கு ஃபோர்டு, படத்துக்கு டிஸ்னி, செருப்புக்கு நைக்கி, கணினிக்கு சோனி, எல்லாம் சிறிய எழுத்தில். எனக்கு அது எதிர்காலமாகவே படவில்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் நகலெடுக்கும் கடைக்குப் போகிறவர் யாரும் கிடையாது, ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறோம். படத்தில் இதற்கு இடமே இல்லாமல், மிதக்கும் வண்டிகளும் நீல வெளிச்சமும் காட்டினார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்த நகரம்.

இன்னொன்று, வசனம். விசாரணையின் தொடக்கத்தில், சோன்மி சொல்வதைப் பதிவுசெய்ய வந்த ஆவணக்காரர், உன் தரப்பு உண்மை எதுவோ அதுதான் முக்கியம் என்கிறார். படத்துச் சோன்மி உடனே, உண்மை ஒன்றுதான், அதற்குப் பல வடிவம் உண்டு என்பதெல்லாம் பொய் என்கிற மாதிரிப் பதில் சொல்கிறாள். அழகான வசனம், முன்னோட்டத்தில் போடத் தகுந்தது. ஆனால் நாவலில் அவள் அப்படிச் சொல்லவே இல்லை! வேறு எந்த உண்மையும் எனக்கு ஒருபோதும் பொருட்டாக இருந்ததில்லை என்கிறாள். என் உண்மை எனக்கு, அவ்வளவுதான். எல்லாம் நாடகம் என்று தெரிந்தவள் பேசும் பேச்சு அது. அதையே தலைகீழாக்கி அவளைப் பிரசங்கியாக்கிவிட்டார்கள். நான் முதலில் சொன்னதற்கு இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

ஒன்பதாம்பக்கம்

இல்லையே. உண்மை ஒன்றுதான் என்ற வரி நாவலில் அப்படியே இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே. எனக்குப் பிடித்த வரி.

கொடிமுல்லை

எந்தத் தொடக்கத்தில்? புத்தகம் என் மடியில் இருக்கிறது. ஆவணக்காரர் தன் அமைச்சகத்தின் சார்பில் நன்றி சொல்லி, இது விசாரணையோ வழக்கோ அல்ல என்கிறார். அவள் பதில் நான் எழுதியதுதான். படத்தைப் பார்த்துவிட்டு நாவலில் படித்ததாக நினைவு கலந்துவிட்டது உங்களுக்கு, எனக்கும் நடந்திருக்கிறது.

ஒன்பதாம்பக்கம்

மன்னிக்கவும் அக்கா, நினைவு கலக்கவில்லை. புத்தகம் இப்போது கையில் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் பிடித்துப்போய்க் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், இதோ திறந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். என் புத்தகத்தில் ஆவணக்காரர் அமைச்சகத்தின் சார்பில் என்றெல்லாம் தொடங்கவில்லை. இனிமேல் பிறக்கப்போகும் வரலாற்றாசிரியர்கள் உன் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்வார்கள் என்று தொடங்குகிறார். அடுத்து அவள் வாயில் அந்த வரி. நீங்கள் வைத்திருப்பது சுருக்கப் பதிப்பாக இருக்குமோ?

கொடிமுல்லை

சுருக்கப் பதிப்பா! ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. உங்களுடையதுதான் திருட்டுப் பிரதியாக இருக்கும்.

இடைவேளைக்காரன்

எனக்கு இந்தச் சண்டை படத்தைவிடப் பிடித்திருக்கிறது.

தாத்தாவின் வானொலி

இரண்டு பேரும் நிறுத்துங்கள். அம்மா, உங்கள் புத்தகத்தில் பதிப்பகம் யார் என்று பாருங்கள், லண்டன் பதிப்பாக இருக்கும். தம்பி, உங்களுடையது நியூயார்க் பதிப்பு, சரிதானே?

இது 2016இல் வெளிவந்த செய்தி. லண்டன் பிர்க்பெக் கல்லூரிப் பேராசிரியர் மார்ட்டின் பால் ஈவ் இந்த நாவலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தாள் புத்தகத்தில் பார்த்த வரியை மின்னூலில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் பிரிட்டன் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் பல இடங்களில் வேறு வேறு, அதிலும் சோன்மியின் அத்தியாயத்தில் கேள்வி பதில்களே மாறியிருக்கின்றன, ஒன்றில் இருக்கும் பகுதி மற்றதில் இல்லை. மிட்செலின் லண்டன் எடிட்டர் இடையில் வேலையை விட்டுப் போனாராம். கையெழுத்துப் பிரதி லண்டனில் காத்துக் கிடந்த காலத்தில் நியூயார்க் எடிட்டர் தன் திருத்தங்களைக் கேட்டார், பிறகு லண்டனிலும் புதிய எடிட்டர் வந்து வேறு திருத்தங்கள் கேட்டார், இரண்டையும் ஒன்றாக்க யாரும் மெனக்கெடவில்லை. 2004இல் அச்சான புத்தகத்தின் இந்த வேற்றுமையைக் கண்டுபிடித்துச் சொல்லப் பன்னிரண்டு வருடம் ஆனது. நீங்கள் இருவரும் ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டீர்கள், கொஞ்சம் சத்தமாக.

பின்வரிசை

அப்படியென்றால் ஒரே உண்மைதான் என்று சொல்லும் சோன்மி ஒருத்தி, என் உண்மை எனக்கு என்று சொல்லும் சோன்மி ஒருத்தி, இரண்டுமே அச்சில். நான் படிக்காமலேயே இருந்தது எவ்வளவு நல்லது பாருங்கள்.

சுருள்நாடா

படத்துக்காரர்கள் வசனத்தை மாற்றவில்லை, தங்களுக்குக் கிடைத்த புத்தகத்தில் இருந்ததை எடுத்தார்கள். @கொடிமுல்லை அந்த ஒரு குற்றச்சாட்டு மட்டும் தள்ளுபடி.

கொடிமுல்லை

பதிப்பகம் பார்த்தேன். ஸெப்டர், லண்டன். @ஒன்பதாம்பக்கம் திருட்டுப் பிரதி என்றதற்கு மன்னிப்பு கேட்கிறேன், தம்பி. வாய் முந்திவிட்டது.

வசனக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். நாடகக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறமாட்டேன், அது படத்தில் இல்லைதானே. ஆனால் எழுதிவிட்டு யோசித்தால் ஒன்று இடிக்கிறது. உண்மை ஒன்றுதான் என்று தொடங்கும் சோன்மி, கடைசியில் எல்லாம் ஜோடனை என்று தெரிந்தே நடித்தேன் என்று சொல்வது, என் புத்தகத்தில் வருவதைவிட உறுத்தும் இல்லையா? முதல் பதிலே மாறினால் கடைசிப் பதிலின் எடையும் மாறும். படத்தில் ஆவணக்காரர், உன்னை யாரும் நம்பாவிட்டால் என்று கேட்க, ஒருவர் ஏற்கனவே நம்பிவிட்டார் என்று அவரையே பார்த்துச் சொல்கிறாள், ஜேம்ஸ் டார்சியின் முகம் அப்படியே உறைகிறது. நேற்று அந்த இடத்தில் நான் எரிச்சலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

வெலிங்டன் காற்று

மொரியோரிப் பகுதி இரண்டு பதிப்பிலும் இருக்கிறதுதானே? என்னிடம் இருப்பது லண்டன் பதிப்பு. நியூயார்க் பதிப்பில் அதை விட்டிருந்தால் நான் இன்றைக்கு நித்திரை கொள்ளமாட்டேன்.

ஒன்பதாம்பக்கம்

இருக்கிறது அண்ணா, நிம்மதியாகத் தூங்குங்கள். நான் முதலில் படித்தபோது அந்தப் பகுதியைக் கற்பனை என்று நினைத்தேன், நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் நிஜம் என்று தெரிந்தது.

கொடிமுல்லை

@ஒன்பதாம்பக்கம் ஒரு உதவி. சோன்மி அத்தியாயத்தின் இரண்டாம் பாதி, அவள் கடைசி ஆசையாக அந்தப் பாதியில் நின்ற படத்தின் மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் இடம்வரை, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

ஒன்பதாம்பக்கம்

அனுப்பலாம் அக்கா, ஆனால் புத்தகம் மச்சினனிடம் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகிறது. நடுவில் அந்த உடைந்த ஆங்கில அத்தியாயம்வரை வந்து நிறுத்தியவன், அதற்கப்புறம் எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லையாம்.

பின்வரிசை

கட்டில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.